பலுசலு என்னும் மல்லர்



மல்யுத்தத்தைக் குறித்து நான் பேசப் போகிறேன் என்ற அறிவிப்பைக் கண்டு நண்பர்கள் சிலர் நகைத்தார்களென்று கேள்விப்பட்டேன். நகைத்ததில் குற்றமில்லை. இம்மேடையில் நிற்கும் இந்தத் தேகத்தைப் பார்க்கிறவர்களுக்கு, இது கோதாவில் ஒருநாளும் இறங்கியதன்று, கோதாவுக்கு வெளியே நின்று கூச்சலிட்டதற்கு மேல் யாதொரு பராக்கிரமமும் செய்ததன்று என்பது சொல்லாமலே விளங்கும். ஆனாலும், பாடத் தெரியாதவன் சங்கீதத்தைப் பற்றி எழுதுவதும், உலை வைக்கத் தெரியாதவன் குழம்பில் குற்றங்கண்டு பிடிப்பதும் நம் தேசத்தில் நெடுநாளாக அநுமதிக்கப்பட்டு வருகையில், மல்யுத்தத்துக்கு மட்டும் தனியாகத் தடையுத்தரவு ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நான் இன்று சொல்லப் புகுவது ஒரு மனிதருடைய சரித்திரம். அவர் பெயர் கிறிஸ்த்யான் பலுசலு. பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா என்று ஒரு சிறு நாடு உண்டு. அதன் மேற்குக் கரையிலுள்ள வரெமுர்ரு என்ற கிராமத்தில், குடியானவர் வீட்டில், 1908-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 10-ஆம் தேதி அவர் பிறந்தார். அவரை உலகம் மறந்துவிட்டது என்று சொல்லிப் பெருமூச்செறிய எனக்கு விருப்பமில்லை; மறப்பதற்கும் முதலில் அறிந்திருக்க வேண்டுமல்லவா?

மல்லன் என்ற சொல் நமக்குப் புதிதன்று. ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்திய கோப்பெருநற்கிள்ளியைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். மாமல்லன் என்ற விருதைத் தரித்த பல்லவ மன்னனுடைய பெயரை ஒரு துறைமுகமே தாங்கி நிற்கிறது. அக்கதைகளிலே மல்லனும் போர்வீரனும் ஒருவனே. அவன் கோதாவில் இறங்கினாலும், களத்தில் இறங்கினாலும், இறங்குவது என்று தீர்மானித்தவன் அவனே. நான் சொல்லப் போகிறவர் விஷயம் அப்படியன்று. அவர் கோதாவுக்குத் தாமே நடந்து போனார். யுத்தத்துக்கோ அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேட்கும்படி பிரார்த்திக்கிறேன்.

எஸ்தோனியா அந்நாளில் ருஷ்ய சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட பிரதேசம். பதினோரு லட்சத்துச் சொச்சம் ஜனங்களே இருந்த அந்நாடு எதனால் மல்லர்களை இப்படி விளைத்தது என்று கேட்டால், வயலும் மரம்வெட்டும் தொழிலும் வளர்த்த தேகங்கள் அங்கே மலிந்திருந்தன என்பது ஒரு விடை. அருகிலே பீட்டர்ஸ்பர்க் என்ற மகாநகரம் இருந்தது என்பது மற்றொரு விடை. அந்நகரத்தில் கிராயெவ்ஸ்கி என்று ஒரு வைத்தியர் இருந்தார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்த நேரம்போக மிச்ச நேரமெல்லாம் ஆரோக்கியசாலிகளை மேலும் ஆரோக்கியசாலிகளாக்குவதிலே செலவிட்ட விசித்திர மனிதர் அவர். பளுதூக்குவதையும் மல்யுத்தத்தையும் ருஷ்யாவில் முறைப்படுத்திய பெருமை அவருடையது. டார்ட்டு நகரத்து ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட்டும், ஜார்ஜ் லூரிக்கும் அவர் கைப்படத் தேறினவர்கள். அவர்களும், அவர்களோடு அலெக்ஸாண்டர் அபெர்க் என்பவரும், பின்னர்த் தொழில்முறை மல்லர்களாகித் தேசதேசங்களாகச் சென்று பணமும் புகழும் ஈட்டினார்கள். லூரிக்குடைய படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு தண்டால் எடுத்த எஸ்தோனியப் பையன்கள் எத்தனை பேரோ! அந்த லூரிக்கும் அபெர்க்கும் ருஷ்ய உள்நாட்டுக் கலகத்தின் குழப்பத்தில் தெற்கே குபான் பிரதேசத்திலுள்ள அர்மவீர் என்ற ஊரில் அகப்பட்டுக்கொண்டு, 1920-ஆம் வருஷத்தின் ஆரம்பத்தில், சில வாரங்கள் இடைவிட்டு ஒருவர்பின் ஒருவராக நோய்க்கு இரையானார்கள். மூன்று கண்டங்களின் மல்லர்களைப் புரட்டியெடுத்தவர்களைக் கண்ணுக்குத் தெரியாத கிருமி புரட்டிவிட்டது. இருவரையும் ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள்.

பணம் வாங்காமல், ஆசைக்காக மட்டும் மல்லுக்கட்டினவர்களை அமெச்சூர்கள் என்கிறோம். எஸ்தோனியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அப்படிப்பட்ட ஒருவருக்கே கிடைத்தது. அவர் மார்ட்டின் கிளைன். 1912-ஆம் வருஷம் ஸ்டாக்ஹோம் நகரத்தில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் ருஷ்யாவின் சார்பாக அவர் கலந்துகொண்டார். அங்கே அவர் செய்த காரியத்தைச் சற்று விஸ்தரித்துச் சொல்லத்தான் வேண்டும். அதைச் சொல்லாமல் எஸ்தோனிய மல்யுத்தத்தைப் பற்றிப் பேசுவது கல்லணையைச் சொல்லாமல் காவிரியைப் பேசுவது போலாகும்.

75 கிலோ எடைக்குட்பட்டோர் பிரிவில், அரையிறுதியில், பின்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் அசிகைனென் என்பவர் கிளைனுக்கு எதிராக நின்றார். திறந்தவெளி அரங்கம், ஜூலை மாதத்து வெயில். அந்நாள் விதிப்படி, கடைசிச் சுற்றுகளில் ஒருவர் மற்றவரை வீழ்த்தும்வரை போட்டி நீடிக்கலாம். கடிகாரத்துக்கு அதில் அதிகாரமில்லை. இருவரும் பற்றினார்கள், புரண்டார்கள், எழுந்தார்கள், மறுபடியும் பற்றினார்கள். அரை மணிக்கொருமுறை கொஞ்சம் இளைப்பாறித் தண்ணீர் குடிக்க விட்டார்கள். இப்படியே 11 மணி 40 நிமிஷம் சென்றது. நாம் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு உத்தியோகத்துக்குப் போய், வேலை பார்த்து, வீடு திரும்பி, இராப் போஜனத்துக்கு இலை போடும்வரைக்கும் இரண்டு மனிதர் ஒருவரையொருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முடிவில் கிளைன் அசிகைனெனை வீழ்த்தினார். ஆனால், இறுதிப் போட்டிக்கு எழுந்து நிற்க அவரிடம் தெம்பில்லை. எதிராளியான ஸ்வீடன் தேசத்துக் கிளேஸ் ஜொஹான்ஸனுக்குப் பொருதாமலே தங்கப் பதக்கம் கிடைத்தது. வென்றதனாலேயே தோற்றவர் கிளைன். வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் திரும்பினார். அதே பந்தயத்தில் வேறொரு எடைப் பிரிவில் ஆல்கிரென், பேலிங் என்ற இருவர் ஒன்பது மணி நேரம் பொருதும் முடிவு தோன்றாமற் போகவே, நடுவர்கள் சலித்து, இருவருக்கும் வெள்ளியைக் கொடுத்துத் தங்கத்தை ஒருவருக்கும் கொடாமல் வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு மல்யுத்தத்தில் கால வரையறை கண்டிப்பாகிவிட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதிலே நான் கவனித்த விஷயம் ஒன்றுண்டு. பின்லாந்தும் அப்போது ஜார் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டதே. பின்லாந்தியர்கள் தனிக் குழுவாக வந்தார்களே தவிர, வென்றபோது கொடிமரத்தில் ஏறியது ருஷ்யக் கொடிதான். ஆகவே, அன்றைய வெயிலில் ஒரு பகல் முழுவதும் கட்டிப் புரண்ட இருவரும் ஒரே அரசனுடைய குடிகள். ஒருவர் பாஷை மற்றவருக்கு ஓரளவு விளங்கக்கூடிய சகோதர இனத்தார். இருவருக்குமிடையே பகை என்று சொல்லத்தக்கது எள்ளளவும் கிடையாது. பகையில்லாத இருவர் அத்தனை நேரம் பொருத முடிந்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாகவே இருக்கிறது. பகையிருந்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்குமோ என்னவோ!

இனி நம் கதாநாயகருக்கு வருகிறேன். கிளைன் ஸ்டாக்ஹோமில் பொருதபோது அவருக்கு வயது நான்கு. அப்போது அவர் பலுசலு அல்லர். திரோஸ்மன் என்ற ஜெர்மானியக் குடும்பப் பெயர் அவருக்கு. எஸ்தோனியாவை நூற்றாண்டுக்கணக்காக ஜெர்மானிய நிலப்பிரபுக்கள் ஆண்டபடியால், குடியானவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர்களில் பலவும் ஜெர்மானியப் பெயர்களாகவே இருந்தன. 1918-இல் நாடு சுதந்திரம் பெற்றபின், முப்பதுகளில், பெயர்களைத் தங்கள் பாஷைக்கு மாற்றிக்கொள்ளும் இயக்கம் ஒன்று பலமாக எழுந்தது. நமக்கும் பழக்கமான உணர்ச்சிதான் அது. 1935-இல் திரோஸ்மன் பலுசலு ஆனார். 'பலு' என்றால் பைன் மரங்கள் வளர்ந்த மணற்பாங்கான நிலம். 'சலு' என்றால் தோப்பு. ஜெர்மானியப் பெயரைக் களைந்து தம் மண்ணின் பெயரைச் சூடிக்கொண்ட மறு வருஷமே அவர் ஜெர்மனியின் தலைநகரத்துக்கு மல்லுக்கட்டப் புறப்பட்டார்.

1936-ஆம் வருஷத்து ஆகஸ்டு மாதம் பெர்லின் என்றவுடனே நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற கறுப்பின வீரர் நான்கு தங்கப் பதக்கங்களைப் பெற்றதுதான். நியாயமே. ஆனால், ஓவன்ஸ் ஓடிய பெரிய மைதானத்தை விட்டுவிட்டு, நகரத்தின் வேறொரு பக்கத்தில் அதற்கு முந்திய வருஷம் கட்டி முடிக்கப்பட்ட டாய்ச்லாந்து மண்டபத்துக்கு என்னோடு வாருங்கள். மல்யுத்தப் போட்டிகள் அங்கேதான் நடைபெற்றன.

மல்யுத்தத்தில் அங்கே இரண்டு முறைகள். ஒன்று கிரேக்க-ரோம முறை: இடுப்புக்குக் கீழே பிடிக்கலாகாது, காலால் இடறலாகாது, முழுவதும் மேலுடம்பின் வலிமையும், கட்டும், தூக்கியெறியும் சாமர்த்தியமுமே. மற்றது கட்டற்ற முறை: காலையும் பற்றலாம், காலாலும் வாரலாம். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றினாலும், ஒன்றில் பழகிய தேகம் மற்றொன்றில் தடுமாறும். வீணை வித்துவானிடம் கோட்டுவாத்தியத்தைக் கொடுத்தது போல. தவிர, போட்டியைக் கணக்கிட்ட விதமும் கொடியது. வெற்றிக்குப் புள்ளி கிடையாது; குற்றத்துக்கே புள்ளி. எதிராளியை மல்லாத்தி இரண்டு தோள்களும் தரையில் படச்செய்தால் குற்றமில்லை. வீழ்த்தாமல் நடுவர் தீர்ப்பினால் மட்டும் வென்றால் வென்றவனுக்கும் ஒரு குற்றப்புள்ளி. தோற்றவனுக்கு அதைவிட அதிகம். ஐந்து சேர்ந்தால் மூட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதாவது, ஜயித்துக்கொண்டே இருப்பவனுங்கூடக் கொஞ்சங்கொஞ்சமாகக் குற்றவாளியாகிக்கொண்டே இருப்பான். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் வருமானவரி இலாகாவில் வேலை பார்த்தவராக இருந்தாலும் இருக்கலாம்.

பலுசலு 87 கிலோவுக்கு மேற்பட்ட கனத்த எடைப் பிரிவில் இரண்டு முறைகளிலும் பெயர் கொடுத்தார். ஆகஸ்டு 4-ஆம் தேதி கட்டற்ற முறையில் தங்கம் பெற்றார். செக்கோஸ்லோவாகியாவின் கிளாபுச் இரண்டாமிடம், பின்லாந்தின் நிஸ்ட்ரேம் மூன்றாமிடம். இந்த நிஸ்ட்ரேமையும் அவருடைய தேசத்தையும் மறந்துவிடாதிருங்கள். ஒருநாள் இடைவெளிக்குப் பிறகு கிரேக்க-ரோமப் போட்டி ஆரம்பமாயிற்று. அதில் ஜெர்மானியர்களின் நம்பிக்கை முழுவதும் குர்ட் ஹார்ன்ஃபிஷர் என்ற தம்முடைய மல்லர்மேல் இருந்தது. மண்டபம் நிரம்ப அவருடைய பக்ஷத்தார். ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒரே பெயரை முழங்கும் இடத்தில் வேறு பெயருடைய ஒருவன் தனியாக நிற்பது எளிதன்று. பலுசலு ஹார்ன்ஃபிஷரை வென்றார். அப்போட்டியிலும் அவருக்கே தங்கம். ஸ்வீடனின் நிமன் இரண்டாவது, ஹார்ன்ஃபிஷர் மூன்றாவது. நான்கு வருஷங்களுக்கு முன் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்வீடனைச் சேர்ந்த ஈவார் ஜொஹான்ஸன் இதுபோல் இரு முறைகளிலும் தங்கம் வென்றதுண்டு. ஆனால், அவர் ஒன்றில் ஜயித்தபின் நீராவிக் குளியலில் உட்கார்ந்து எடையை இறக்கிக்கொண்டு, மெலிந்த பிரிவில் மற்றொன்றை வென்றவர். கனத்த எடைப் பிரிவிலேயே ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு முறைகளிலும் தங்கம் பெற்றவர் பலுசலுவைத் தவிர வேறொருவர் இல்லை.

எஸ்தோனியா அந்தப் பந்தயங்களில் பெற்ற மொத்தப் பதக்கங்கள் ஏழு; அவற்றில் ஐந்து மல்யுத்த மெத்தையிலிருந்து வந்தவை. பலுசலுவின் இரண்டைத் தவிர, ஆகஸ்ட் நெயோ என்பவர் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும், 1928-ஆம் வருஷத்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் வீரரான வொல்தெமார் வெலி ஒரு வெண்கலமும் பெற்றார்கள். அந்த வெண்கலங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. வெலி மூன்றாமிடம் பெற்ற இலகு எடைப் பிரிவில் தங்கம் வென்றவர் பின்லாந்தின் லௌரி கொஸ்கெலா. நெயோ கிரேக்க-ரோம முறையில் மூன்றாமிடம் பெற்றபோது, பதக்கத்துக்கு ஒரு படி கீழே நான்காமிடத்தில் நின்றவர் வெர்னர் ஸீலென்பிண்டர் என்ற பெர்லின் தொழிலாளி. அவர் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். பதக்கம் பெற்றால், அதைப் பெறும் மேடையிலேயே ஹிட்லருக்கு எதிராகத் தம் எதிர்ப்பைக் காட்டுவதென்று சங்கற்பித்திருந்தவர். ஒரு படி தவறியது, மேடையும் தவறியது. வெண்கலத்தை வாங்கிக்கொண்டு நின்ற நெயோவுக்கு, தம் அருகே ஏறாமற்போன மனிதர் நெஞ்சில் எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்று எப்படித் தெரியும்?

ஊர் திரும்பிய பலுசலுவுக்கு நடந்த உபசாரத்தை வர்ணிக்க வேண்டுவதில்லை. ஒரு சிறு தேசம் தன் மகனைக் கொண்டாடும் விதம் எங்கும் ஒன்றுதான். ஆனால், அரசாங்கம் அவருக்குக் கொடுத்த பரிசைச் சொல்ல வேண்டும். பணமுடிப்பன்று, பட்டமன்று, பில்லபலு என்ற இடத்தில் ஒரு பண்ணை நிலம். அந்தப் பெயரிலும் 'பலு' வந்து நிற்பதைக் கவனியுங்கள். குடியானவர் மகனுக்கு எதைக் கொடுத்தால் தகும் என்று அறிந்து கொடுத்தவர்கள் புத்திசாலிகள். மறு வருஷம் பாரிஸில் கிரேக்க-ரோம முறையில் ஐரோப்பிய சாம்பியன் விருதையும் அவர் பெற்றார். பிறகு தோளில் ஏற்பட்ட காயம் அவருடைய மல்யுத்த வாழ்க்கையைச் சுருக்கிவிட்டது. முப்பது வயதில், நிலமும் நற்பெயருமாக, இனி மிச்ச காலம் பயிர் பார்த்துக்கொண்டு நிம்மதியாகக் கழியும் என்று எண்ணுவதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

ஆனால், 1939-ஆம் வருஷம் ஆகஸ்டு 23-ஆம் தேதி மாஸ்கோவில் ஜெர்மனியும் சோவியத் ருஷ்யாவும் உடன்படிக்கை செய்துகொண்டு, அதன் ரகசியப் பகுதியில் நடுவிலுள்ள சிறு நாடுகளைப் பங்கிட்டுக்கொண்டன. பாகப் பிரிவினையில் எஸ்தோனியா ருஷ்யாவின் பங்குக்கு விழுந்தது. 1940 ஜூனில் செஞ்சேனை நாட்டைப் பிடித்தது. ஆகஸ்டில் எஸ்தோனியா என்ற சுதந்திர நாடே தேசப்படத்திலிருந்து அழிந்தது. மறு வருஷம் ஜூன் 22-ஆம் தேதி ஹிட்லர் ருஷ்யாவின்மேல் பாய்ந்தபோது, எஸ்தோனியாவிலிருந்து 30,000-க்கு மேற்பட்ட ஆண்மக்களைச் சேனைக்கென்று திரட்டி உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்களுக்கு அவர்களிடத்தில் நம்பிக்கையில்லை. ஆகவே, கையில் துப்பாக்கியைக் கொடாமல் கோடரியையும் மண்வெட்டியையும் கொடுத்து, வடபிரதேசத்துக் காடுகளில் உழைப்புப் படைகளாக அடைத்தார்கள். சேனை என்று பெயர்; நடந்தது சிறைவாசம். முதற் குளிர்காலத்திலேயே பசியாலும் குளிராலும் நோயாலும் பல்லாயிரவர் மாண்டார்கள்.

அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களில் பலுசலுவும் ஒருவர். வட த்வினா நதிக்கரையிலுள்ள கொட்லஸ் என்ற இடத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். வயது முப்பத்துமூன்று, தோளிலே பழைய காயம், கனத்த எடைப் பிரிவின் தேகம். இந்தத் தேகத்தைப் பற்றிச் சற்று யோசியுங்கள். மெத்தையின்மேல் அது ஐசுவரியம். கொட்லஸில் அதுவே பாரம். எல்லோருக்கும் ஒரே அளவு ரொட்டி. மெலிந்தவனுக்கு அது அரை வயிறு, இவருக்குக் கால் வயிறு. பசிக் காலத்தில் முதலில் சாய்பவர்கள் பெரிய தேகிகள்தாம் என்று பஞ்சங்களைக் கண்ட முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உலகத்தில் எவரும் தள்ள முடியாதிருந்த மனிதரைத் தள்ளுவதற்கு ஒரு துண்டு ரொட்டியைக் குறைத்தால் போதுமாயிருந்தது.

அவரும் வேறு சிலரும் அங்கிருந்து தப்பியோட முயன்றார்கள், பிடிபட்டார்கள், மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு, தண்டனைக்கு மாற்றாக, பின்லாந்துக்கு எதிரான போர்முனைக்கு அவரை அனுப்பினார்கள். அந்நாளில் பின்லாந்து, முந்திய யுத்தத்தில் இழந்த பூமியை மீட்பதற்காக ஜெர்மனியின் பக்கம் நின்று ருஷ்யாவோடு பொருதுகொண்டிருந்தது. ஆக, ஸ்டாக்ஹோமில் கிளைனும் அசிகைனெனும் போல, மறுபடியும் ஓர் எஸ்தோனியரும் பின்லாந்தியரும் எதிரெதிரே நிற்கும்படி நேர்ந்தது. முன்னே நடந்ததில் நடுவர் இருந்தார். அரை மணிக்கொருமுறை தண்ணீர் கொடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே தொடக்கூடாது என்ற விதி இருந்தது. இப்போது அவையொன்றுமில்லை. ஆனால், பகைமட்டும் முன்போலவே இல்லை.

பலுசலு பொருதவில்லை. சந்தர்ப்பம் வாய்த்தபோது எல்லையைக் கடந்து பின்லாந்தியர் பக்கம் சேர்ந்துவிட்டார். சத்துருவின் உடையை அணிந்து, இருட்டிலிருந்து வெளிப்பட்டு வருகிற பெரிய ஆள் ஒருவனைக் காவலர்கள் காணும்போது, முதலில் சுடுவதும் பிறகு விசாரிப்பதுமே யுத்தகளத்து வழக்கம். பாஷை ஒருவாறு கைகொடுத்திருக்கும். அதற்கும் மேலாகக் கைகொடுத்தது ஒன்றுண்டு. பின்லாந்தில் மல்யுத்தம் என்பது நம்மூரில் சினிமா எப்படியோ அப்படி. பிரசித்தமான மல்லர்களின் முகம் அங்கே பட்டிதொட்டியெல்லாம் தெரியும். பெர்லினில் தங்கள் நிஸ்ட்ரேமை மூன்றாமிடத்துக்குத் தள்ளிவிட்டு முதலிடத்தில் நின்றவருடைய முகம் தெரியாமலிருக்குமா? இவர் யாரென்று அறிந்துகொண்டார்கள். அறிந்ததனால் பிழைத்தார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்; நான் இங்கே பேச வந்ததே இதற்காகத்தான். அந்த வருஷத்தில் அவருடைய தேகபலம் எதற்கும் உதவவில்லை. வேலிகளை முறிக்க உதவவில்லை. பிடித்தவர்களை உதற உதவவில்லை. பசியை அடக்க உதவவில்லை. உதவியது, ஐந்து வருஷங்களுக்கு முன் அயல்நாட்டார் பலரோடு அவர் முறைப்படி மல்லுக்கட்டி, அவர்களுக்குத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தது ஒன்றுதான். துப்பாக்கியால் சுடுகிறவனுக்குத் தான் சுடுகிறவன் யாரென்று தெரியாது. தெரியாதபடி இருப்பதே யுத்தத்துக்குச் சௌகரியம். மல்யுத்தமோ எதிராளியின் மூச்சு, வியர்வை, எடை, அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பது வரையில் அறிந்தாலொழிய நடவாத காரியம். இதனால் மல்யுத்தம் உலக சமாதானத்தை நிலைநாட்டிவிடும் என்று நான் சொல்வதாக நாளைக்குப் பத்திரிகை நிருபர்கள் எழுதிவிட வேண்டாம். அதே பெர்லின் மண்டபம் அப்படிப்பட்ட நம்பிக்கைக்கு இடம் வைக்கவில்லை. ஒரு மனிதருக்கு ஓர் இரவில் இப்படி நடந்தது என்றுமட்டுமே சொல்கிறேன்.

மற்றவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. கட்சித் தோழர்களுக்கு உதவியதற்காக ஸீலென்பிண்டரை 1942-இல் கைது செய்து, சிறைகளிலும் முகாம்களிலும் வதைத்து, 1944 அக்டோபர் 24-ஆம் தேதி பிராண்டன்பர்க் சிறைச்சாலையில் தலையை வெட்டிக் கொன்றார்கள். அவரைக் கொன்றவர்களும் அவர் யாரென்று அறிந்தவர்களே. தங்கள் தேசத்துக்காக மெத்தையேறியவர் என்று தெரிந்தேதான் கொன்றார்கள். ஆகையால், அறிமுகம் காப்பாற்றும் என்று நான் சொன்னதில் பாதியை நானே வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இலகு எடையில் தங்கம் வென்ற லௌரி கொஸ்கெலா அதே வருஷம் ஆகஸ்டு 3-ஆம் தேதி, ருஷ்யாவோடு நடந்த யுத்தத்தில், முப்பத்தேழாவது வயதில் மாண்டார். அவரைக் கொன்ற பீரங்கிக்கோ துப்பாக்கிக்கோ அவர் பெயர் தெரியாது.

பலுசலுவைப் பின்லாந்தியர்கள் 1941-ஆம் வருஷ முடிவில் எஸ்தோனியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால், எந்த எஸ்தோனியாவுக்கு? தலைநகரான டாலின் அந்த ஆகஸ்டிலேயே ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டது. ஹார்ன்ஃபிஷருடைய தேசத்தார் ஆளும் ஊருக்கு, ஹார்ன்ஃபிஷரை வீழ்த்தியவர் அகதியாகத் திரும்பினார். 1944 இலையுதிர் காலத்தில் ருஷ்யர்கள் மீண்டும் வந்தார்கள். தங்கள் சேனையை விட்டுப் பகைவர் பக்கம் போனவரை அவர்கள் மறந்திருக்க நியாயமில்லை. அவரை மறுபடியும் சிறையில் அடைத்தார்கள், பின்பு விட்டார்கள். விட்டதே பெரிது. 1949-இல் நிலங்களையெல்லாம் கூட்டுப்பண்ணைகளாக்கிக் குடியானவர்களைக் கூட்டங்கூட்டமாக ஸைபீரியாவுக்கு ஏற்றிய அந்த நாட்டில், சுதந்திர எஸ்தோனியா பரிசாகக் கொடுத்த பண்ணை என்று ஒன்றை எண்ணிக்கொண்டிருப்பதே ஆபத்தான ஞாபகம்.

யுத்தம் முடிந்தபின் அவர் நாற்பது வருஷங்களுக்கு மேல் வாழ்ந்தார். அந்த நாற்பது வருஷங்களைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. உரக்கப் பேசாமல், உழைத்துச் சாப்பிட்டு, வயதாகிய மனிதர் ஒருவரின் நாட்கள் அவை. மேலே சொன்ன வெலியும் இப்படியே நெடுங்காலம் இருந்து, 1997-இல் தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார். தம் கொடி மீண்டும் ஏறியதைக் கண்ணால் கண்டவர் அவர். பலுசலுவுக்கு அந்தப் பாக்கியம் ஒரு சிறு தூரத்தில் தவறியது. 1987-ஆம் வருஷம் ஜூலை 17-ஆம் தேதி டாலினில் அவர் காலமானார். நகரத்தின் காட்டு மயானத்தில், பைன் மரங்களுக்கிடையே, அவரை அடக்கம் செய்தார்கள். அவர் காலமான முப்பத்தேழாம் நாள், ஆகஸ்டு 23-ஆம் தேதி, அதே நகரத்தின் ஹிர்வெ பூங்காவில் ஜனங்கள் கூடி, நாட்டை விற்ற அந்த ரகசிய உடன்படிக்கையை வெளியிட வேண்டுமென்று முதன்முறையாகப் பகிரங்கமாகக் கேட்டார்கள். நான்கு வருஷத்தில் எஸ்தோனியா மறுபடியும் சுதந்திர நாடாயிற்று.

பெர்லின் மண்டபம் யுத்தத்தில் குண்டுபட்டு எரிந்து, பிறகு புதுப்பிக்கப்பட்டு, கடைசியில் 2011-இல் தரைமட்டமாக்கப்பட்டது. டாலினில் 1988 முதல் அவர் பெயரால் ஒரு மல்யுத்தப் பந்தயம் நடந்துவருகிறது. வெளிநாட்டு மல்லர்களுக்கும் அதில் இடமுண்டு. பின்லாந்திலிருந்து வருவதானால் கப்பலில் இரண்டு மணி நேரப் பயணந்தான்.